அத்தான் பார்த்த வேலை

பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு சார். காருக்கு என்ன வியாதி என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஒர்க்‌ஷாப்புக்கு அவர்கள் வருவது கேட்பதற்கு அல்ல, சொல்வதற்கு.

நின்ற இடத்தில் இன்ஜின் உறுமலும் முனகலுமாக ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயது வண்டியில் பெரும்பாலும் காற்று உள்ளே போகிற வாய் கரி பிடித்து அடைத்திருக்கும். ஒரு பழைய பல் பிரஷ்ஷும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தீர்ந்தது. உரிமையாளரோ அதற்குள் பிளக்கை மாற்றி, பம்பை மாற்றி, கடைசியில் பெட்ரோல் போடுகிற பங்கையே மாற்றியிருப்பார். இன்ஜின் சூடானால், ரேடியேட்டரின் மேல்தொட்டி வெறும் பிளாஸ்டிக், அது நாள்பட்டு மயிரிழையாய்ப் பிளந்திருக்கும். அவர் சூட்டைக் காட்டுகிற முள்ளைச் சந்தேகப்படுவார். காய்ச்சல் வந்தவன் தெர்மாமீட்டரோடு சண்டைக்குப் போன மாதிரி.

நீங்கள் வந்து இறங்கும்போது உங்கள் வண்டியையும் கேட்டேன். பூனை வாலை மிதித்தது போல ஒரு சத்தம் வருகிறதே, அது பெல்ட். வேறொன்றும் இல்லை. யாராவது இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். கேட்காமலே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா ஓட்டிப்போன பழைய ஜப்பான் கார் வீட்டுச் சரிவில் பிரேக் பிடிக்காமல் இறங்கி, முச்சந்தியில் இருந்த மதில்சுவரில் மோதியது. அக்கா இறந்துபோனாள். அவள் கணவர், அதாவது என் அத்தான், நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து, பிரேக் பேடை நான்தான் தப்பாக மாட்டினேன், என் பெண்டாட்டியை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீங்களும் மனமிரங்கி, சரி, கைவைக்கத் தெரியாதவர் கைவைத்தார், விபத்து, முடிந்தது என்று கேஸை மூடப்போகிறீர்கள். மெக்கானிக் என்ற முறையில் நான் ஆமாம் போட வேண்டும், அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

போட்டிருப்பேன். ஆனால் அது தவறான கண்டுபிடிப்பு சார். தொழில் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? இடது சக்கரத்தில் கோளாறு இருக்க, வலது சக்கரத்தைக் கழற்றி மாட்டி வண்டியை அனுப்ப என்னால் முடியாது.

அத்தானைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி. வரிசையாக வருகிற பிஸ்கட்டில் ஓரம் உடைந்ததைப் பொறுக்கித் தள்ளுவது அவர் இலாகா. ஆயுள் முழுக்க அதையே செய்தவருக்கு உலகமே ஓரம் உடைந்த பிஸ்கட்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வாசல் கோணல் என்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டருக்கு இருமல் இருக்கிறது, முதலில் அதைப் பார்க்கச் சொல் என்பார். என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் தரையைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், அப்புறம்தான் என்னைப் பார்ப்பார்.

“மச்சான், நீ கையால வேலை செய்யறே. நான் மூளையால யோசிக்கிறேன். ரெண்டும் சேர்ந்துச்சுன்னா ஜப்பான்காரனே நம்மகிட்ட வந்து நிப்பான்.”

“நிக்க வேணாம் அத்தான், உட்காரட்டும். நீங்க அந்த நாற்காலியிலேருந்து எழுந்திருங்க.”

இப்படித்தான் பேசிக்கொள்வோம். பகை என்று ஒன்றும் இல்லை. அக்காள் புருஷன் முறுக்கு என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சிலருக்கு ஒரு வருஷத்தில் தளரும், சிலருக்கு நட்டு துருப்பிடித்து அப்படியே நின்றுவிடும்.

அக்கா மருந்துக்கடை வைத்திருந்தாள். எழுத்து புரியாத சீட்டையெல்லாம் வாசித்துப் பழகியவள், எங்கள் இருவரையும் சுலபமாக வாசித்துவிடுவாள். “ஒரே நட்டுக்கு ரெண்டு ஸ்பேனர். நீங்க ஆளுக்கொரு பக்கம் திருகினா தேய்ஞ்சு போறது நான்தான்டா,” என்பாள். ஒர்க்‌ஷாப் திறந்த அன்றைக்கு, பெயர்ப்பலகை மாட்ட நான் ஏணியில் நின்றபோது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அவள் என்றால் எனக்கு உயிர். இதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் சரியான வெளிச்சத்தில் பார்க்க உதவும்.

கல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். யாராவது வந்து உங்களிடம் அதைப் பெரிதாக ஊதிவிடுவார்கள்.

ஒருமுறை அத்தான் காரில் முன் சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம். பேரிங் என்றேன். மாற்றினேன். சத்தம் போகவில்லை. அடுத்த பக்கத்துப் பேரிங்கையும் மாற்றினேன். சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. ஒர்க்‌ஷாப்பில் வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தான் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக் குனிந்து, பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தகட்டுக்கும் நடுவே ஒரு குச்சியை விட்டு நோண்டி, பட்டாணி அளவுக் கல் ஒன்றை வெளியே எடுத்தார். சத்தம் நின்றுவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. எந்த மெக்கானிக்குக்கும் நடக்கக்கூடியதுதான்.

அந்தக் கல்லை அவர் எறியவில்லை. கழுவித் துடைத்து, வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பீங்கான் பொம்மைகளுக்கு நடுவில் வைத்தார். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், “இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்? என் மச்சானோட ரெண்டு பேரிங்,” என்பார். அக்கா ஒருநாள் அதை எடுத்துக் குப்பையில் போட்டாள். அவர் குப்பையைக் கிளறி எடுத்து மறுபடி வைத்தார்.

எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. அந்த வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்பில் வேலை அதிகம்.

இப்போது பிரேக்.

பழைய வண்டிப் பிரியர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. வண்டி ஓடாத நாட்களில் கூடி, வண்டி ஓடிய நாட்களைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் அத்தானைச் சிறப்புரைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, ‘உங்கள் காருக்கு நீங்களே மருத்துவர்’. மேடையில் பேசுவதற்கு முன் ஒரு அறுவை சிகிச்சையாவது செய்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, செல்போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்துவைத்து, வீடியோ பார்த்துக்கொண்டே முன்பக்கத்து பிரேக் பேடுகளை அவரே மாற்றினார். நடுவில் பிரேக் ஆயில் போகிற வழியில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் திறந்து மூடியதில் காற்று உள்ளே போய்விட்டது. பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டை. காற்றை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, ஒருவர் கீழே படுத்து ஸ்க்ரூவைத் திறக்க. அக்காவை மிதிக்கக் கூப்பிட்டிருக்கிறார். “எனக்குக் கடை இருக்கு, என் தம்பிகிட்ட போங்க,” என்று அனுப்பிவிட்டாள். அக்காதான் அனுப்பினாள் என்பதைக் கவனியுங்கள்.

வந்தார். சக்கரத்தைக் கழற்றி அவர் செய்த வேலையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆசையோடுதான் பார்த்தேன். பேடைத் திருப்பி மாட்டியிருப்பார், கிளிப்பை விட்டிருப்பார், கிரீஸைக் கண்ட இடத்தில் அப்பியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். பேடுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு தகடு உண்டு சார். மாற்றும்போது பாதி மெக்கானிக்குகள் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அவசரத்தில் நானே எறிந்திருக்கிறேன். அவர் அதைத் துருப்போகத் தேய்த்து, கிரீஸ் தடவி, இருந்த இடத்தில் உட்கார வைத்திருந்தார். கிளிப் சரி. போல்ட் இறுக்கம் சரி. வெளியாள் ஒருவன் செய்திருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன்.

“எப்படி மச்சான்?”

“பரவாயில்ல அத்தான்.”

“உன் வாயிலேருந்து பரவாயில்லன்னு வந்தா அது ஃபர்ஸ்ட் கிளாஸ். ஃபியூஸு, கேட்டுக்கிட்டியா? சாட்சிக்கு நிக்கணும்.”

ஃபியூஸ் என்பவன் என் ஒர்க்‌ஷாப் எலக்ட்ரீஷியன். என் வயது. சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் அணைந்துவிடுவதால் அந்தப் பெயர். “நான் கரண்டு ஆளு சார், பிரேக்குக்கெல்லாம் சாட்சி சொல்றதில்ல,” என்றான்.

“மேடையில இதைச் சொல்லத்தான் போறேன் மச்சான். மெக்கானிக்னு ஒருத்தன் எதுக்குன்னு கேக்கப் போறேன். உன் பேரைச் சொல்ல மாட்டேன், கவலைப்படாதே. ‘எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்’னு மட்டும் சொல்வேன். கல் கதையையும் சேர்த்துக்கலாம்னு இருக்கேன்.”

“சேர்த்துக்குங்க அத்தான். நல்லா இருக்கும்.”

இங்கேதான் தொழில் சம்பந்தமான ஒரு சின்ன விஷயம் வருகிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

பிரேக் பெடலை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டர் என்கிற குழாய்க்குள் ரப்பர் சீல்களோடு ஒரு பிஸ்டன் முன்னால் போகும். அன்றாட ஓட்டத்தில் அது பாதித் தூரம்தான் போய்த் திரும்பும். மீதிப் பாதி, வீட்டில் யாரும் புழங்காத அறை மாதிரி, வருஷக்கணக்கில் துருவும் கசடுமாகக் கிடக்கும். காற்று எடுக்கும்போது தெரியாமல் பெடலைத் தரைவரை மிதித்தால், சீல் அந்தத் துருவின்மேல் ஏறி இறங்கும். கத்தியைக் கல்லில் தேய்த்தால் கத்திக்கு நல்லது, ரப்பரைத் தேய்த்தால் ரப்பருக்கு அப்படி இல்லை, கிழிந்து ஆயிலை நழுவவிடும். அதற்குப் பிறகு பெடல் முதலில் கல் மாதிரி நிற்கும். காலை அப்படியே வைத்திருந்தால், சோபாவில் உட்கார்ந்த குண்டு மனிதர் போல மெதுவாக அமுங்கும். இன்றைக்கு மெதுவாக. நாளைக்கு எப்படி என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் வயதான வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுத்தான் மிதிக்கச் சொல்வோம். கால் கட்டையைத் தாண்டிப் போகாது. பழைய வண்டி பார்க்கிற எல்லா இடத்திலும் அப்படி ஒரு கட்டை இருக்கும். வீடியோவில் இருக்காது. அவர்கள் காட்டியது புது வண்டி.

அன்றைக்கும் வழக்கம் போல வைத்திருந்தேன். அத்தான் ஏறி உட்கார்ந்து மிதித்ததும் கட்டையில் இடித்தது.

“இது என்னடா நடுவுல? முழுசா மிதிக்கணும்னு வீடியோவுல சொன்னான். முழுசா மிதிச்சாத்தான் முழுசா காத்து வரும். சாதாரண லாஜிக்.”

விளக்கியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அரை நிமிஷ வேலை. ஆனால் அவர் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, பேசி முடித்த மேடைப் பேச்சாளர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு விளக்கம் சொல்ல எனக்கு விருப்பம் வரவில்லை.

“ஒண்ணுமில்ல அத்தான், சும்மா கிடக்குது,” என்று சொல்லிக் குனிந்து கட்டையை எடுத்துவிட்டேன்.

ஃபியூஸ் நிமிர்ந்து பார்த்தான். “அண்ணே, கட்டை?”

“சார் வேணாங்கறாரு.”

ஃபியூஸ் மறுபடியும் குனிந்துகொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் கரண்டு ஆள்.

அத்தான் மிதித்தார். தரை வரைக்கும் மிதித்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மிதித்தார். நான் கீழே படுத்து ஸ்க்ரூவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். காற்று முழுக்க வந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. முடிந்ததும் நான் ஏறி உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டு, பெடலில் காலை வைத்து அழுத்திப் பிடித்தேன். அமுங்கியது. மெதுவாக, மரியாதையாக, கடைசி வரைக்கும் அமுங்கியது.

“கொஞ்சம் கீழ போகுது அத்தான்,” என்றேன். நான் சொன்னேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

“புது பேடு இல்லையா, செட் ஆகணும். ஓட ஓட சரியாயிடும்.”

“சரி அத்தான்.”

சரி என்கிற சொல்லைப் பற்றி நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? உலகத்தில் அதற்காக யாரும் யாரையும் ஜெயிலில் போட்டதில்லை.

என் கணக்கு என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அவர் அந்தக் காரில்தான் சங்கத்துக்குப் போவார். வாசலில் உறுப்பினர்கள் எல்லாம் நின்று வரவேற்பார்கள். அவர் நிறுத்தப் பார்ப்பார், கார் நிற்காது, பூந்தொட்டியிலோ தலைவரின் முழங்காலிலோ போய் இடிக்கும். அப்புறம் ‘உங்கள் காருக்கு நீங்களே மருத்துவர்’ என்று பேசட்டும். இதுதான். இதற்கு மேல் நான் நினைக்கவே இல்லை. அந்த வீடு செங்குத்தான சரிவில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்தான். கைப்பிரேக் கேபிள் துருப்பிடித்துப் பல நாளாக அலங்காரத்துக்கு மட்டும் இருந்தது என்பதும் தெரியும். ‘கைப்பிரேக் போடறவன் கியரை நம்பாதவன்’ என்பது அத்தானின் பொன்மொழி. ஆனால் தெரிவது வேறு, நினைப்பது வேறு.

மறுநாள் சங்கத்துக்காரர்கள் ஒரு தவறு செய்தார்கள். சிறப்புப் பேச்சாளர் என்று மரியாதை பண்ணி, அத்தானைக் கூட்டிப்போக வண்டி அனுப்பிவிட்டார்கள். கார் வீட்டில் நின்றது.

காலையில் அக்கா போன் செய்தாள். வழக்கமாக நடந்துதான் கடைக்குப் போவாள். அன்றைக்கு மருந்துப் பெட்டிகள் வீட்டில் இறங்கியிருந்தன, காரில் எடுத்துப்போகப் பார்த்திருக்கிறாள்.

“தம்பி, காரை எடுத்து வாசல்ல நிப்பாட்டியிருக்கேன். பிரேக்கை மிதிச்சா கால் உள்ள போயிட்டே இருக்குதுடா. ஓட்டலாமா?”

நான் அப்போது ஒரு வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவசர வேலை இல்லை.

“அத்தானைக் கேளுக்கா.”

“அவரு மேடையில இருக்காரு. போன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டேன், எடுக்கல.”

“அப்ப வந்த பிறகு கேளு.”

“கடைச் சாவி என்கிட்ட இருக்கு. ஒரு கிழவர் மருந்துக்காகக் கடை வாசல்ல நிக்கறாரு. ஏண்டா, நீ நேத்து பார்த்தியா இல்லையா?”

“அது நான் பார்த்த வேலை இல்லக்கா. அத்தான் பார்த்த வேலை.”

அவள் சிரித்தாள். “ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்? உங்க சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. ஓட்டலாம், ஓட்டக் கூடாது. ஒரே வார்த்தை சொல்லுடா.”

ஒரே வார்த்தைதான். அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மாலையில் அக்கா அவரிடம், தம்பி ஓட்டாதேன்னான் என்பாள். அவர் வந்து, ஏன் சொன்னாய் என்பார். மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்பேன். நேற்றே தெரிந்தால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார். கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அப்புறம் அலமாரியில் அந்தக் கட்டையும் ஏறிவிடும். ஒரு மனிதன் எத்தனை தடவைதான் ஒரே அலமாரிக்குப் போவது?

“உன் இஷ்டம்க்கா,” என்றேன்.

“சரி, மெதுவாப் போறேன்,” என்று வைத்துவிட்டாள். என்மேல் அவளுக்கு நம்பிக்கை அதிகம். ஆபத்து என்றால் தம்பி சொல்லியிருப்பான் என்றுதான் எடுத்திருப்பாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவள் பெட்டிகளை ஏற்ற வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும். திருப்பிக் கூப்பிட நேரம் இருந்தது.

“யாருண்ணே?” என்றான் ஃபியூஸ்.

“அக்கா. சும்மா நலம் விசாரிச்சா,” என்று சொல்லிவிட்டு ரேடியேட்டர் மூடியை இன்னொரு தடவை துடைத்தேன். அது அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரி நடையில் அத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சங்கத்தில் போர்த்திய பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், பேடைத் தப்பா மாட்டிட்டேன் போலடா. நீ பரவாயில்லன்னு சொன்னது என் மனசு நோகக் கூடாதுன்னுதானே? நீ சொல்லியிருக்கலாமேடா. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்.”

மாட்டியது சரி என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். மனிதர் அந்த நிலையில் இருந்தார். ஆனால் அவர் தன் வாயால் தான் செய்தது தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குறுக்கே பேசுவது மரியாதையாக இருக்காது என்று பட்டது.

“விடுங்க அத்தான்,” என்றேன். முதுகைக்கூடத் தடவிக்கொடுத்தேன்.

அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டேன். ஆனால் நேற்று அவர் இங்கே வந்து அதையே அதிகாரபூர்வமாகச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பேடு காரணம் என்று எழுதினால், நாளைக்கு விஷயம் தெரிந்த எவனாவது அந்த நசுங்கின வண்டியைப் பிரித்துப் பார்த்துச் சிரிப்பான். குடும்பத்தில் ஒரு மெக்கானிக் இருந்தும் மாஸ்டர் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லையா என்பான். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியாது சார்.

அதனால் தெளிவாகவே சொல்கிறேன். சீல் போனது மாஸ்டர் சிலிண்டரில். போவதற்குக் காரணம் கட்டை இல்லாமல் மிதித்தது. கட்டையை எடுத்தவன் நான். போய்விட்டது என்று தெரிந்தே வண்டியை அனுப்பியவன் நான். அக்கா கேட்டபோது சொல்லாமல் விட்டவனும் நான். எந்தப் பிரிவு உண்டோ அதைப் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பேடை அவர் சரியாகத்தான் மாட்டியிருந்தார் என்பதை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம். அது காதில் விழுந்தால், அப்புறம் அந்த மனிதரைக் கையில் பிடிக்க முடியாது.